முள்ளில்லாத பந்தக்கால்

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரமும் நீ போனில் கேட்டாய், "மா, அந்த மரத்த வெட்டியாச்சா இல்லியா?" என்று. "பார்க்கலாம்டா" என்றேன். "சரிமா, சரிமா" என்று வைத்துவிட்டாய். உன் "சரிமா" எனக்குத் தெரியாததா? பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே அதற்கு ஒரே அர்த்தம்தான், நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட உன் காதில் ஏறவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். பேப்பரில் எழுதிக் கையில் கொடுத்தால் நடுவில் வைத்துவிட முடியாது பார். இதைத் திவ்யாவும் படிக்க வேண்டும், நாளைக்கு உங்கள் பிள்ளை வளர்ந்து படித்தாலும் சரிதான். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

விஷயம் இதுதான். திவ்யாவுக்கு ஏழாம் மாதம். அவளுக்கு அம்மா இல்லை. பிரசவத்துக்கு என்னிடம் வருவதாகத்தான் முதலிலிருந்தே பேச்சு. பின் அறையில் அவளுக்குக் கட்டில் போட்டு, தொட்டிலுக்குக் கொக்கியும் மாட்டியாகிவிட்டது. இப்போது அவள் அந்த மரம் நிற்கிற வரைக்கும் ஜெலுத்தோங் வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறாள். உன் பெரிய அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, அது உன் கல்யாணத்துக்கு நட்ட பந்தக்கால், வெட்டினால் உங்கள் குடும்பத்தையே வெட்டினதுபோல என்கிறார். வெட்டினால் ஒரு பயம், வெட்டாவிட்டால் என் பேரப்பிள்ளை இந்த வீட்டு வாசலுக்கே வராது. நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறவள் நான். நீ அங்கே கடலுக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவில் பத்தாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு "சரிமா" சொல்கிறாய்.

அந்தக் கம்பு நட்ட நாளிலிருந்து சொல்கிறேன். உன் கல்யாணம் மண்டபத்தில் என்றாலும், பந்தக்கால் வீட்டு மண்ணில்தான் நடவேண்டும் என்று பெரிய அத்தை ஒரே பிடியாக நின்றார். நம்முடையது வரிசையில் கோடி வீடு, பக்கத்தில் ஒரு துண்டு மண் இருக்கிறதே, அங்கே நடலாம் என்று முடிவானது. கல்யாண முருங்கைக் கிளை வேண்டும். நட்ட கிளை வேர்பிடித்துத் துளிர்த்தால் பிள்ளைகள் தழைப்பார்கள் என்று நம் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. உன் மாமா சுங்கை பாக்காப்பிலிருந்து கொண்டுவருவதாக ஏற்பாடு. நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது, ஆளைக் காணோம். வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தான். காரின் பின் சீட்டிலிருந்து கம்பை எடுத்துப் பெண்கள் கையில் கொடுத்தான். எல்லாரும் சுமங்கலிகள். நான் முன்னால் போகக் கால் எடுத்தேன். பெரிய அத்தை என் முழங்கையைப் பிடித்து, "நீ கொஞ்சம் உள்ள இரும்மா. நல்ல நேரத்துல முன்னால நிக்காத" என்றார். குரலில் கோபமில்லை, அதுதான் எனக்கு இன்னும் சுட்டது. அப்பா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெற்றவள் நான் சமையலறைக்குப் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீ ஒரு தடவை திரும்பித் தேடினாய், அது எனக்கு நினைவிருக்கிறது. அப்புறம் போட்டோ எடுக்கிறவர் கூப்பிட்டார், நீ அந்தப் பக்கம் திரும்பிவிட்டாய்.

வெளியே எல்லாருக்கும் மஞ்சள் பூசுவதும் கேமராவைப் பார்ப்பதும்தான் வேலை. கம்பைப் பார்க்க ஆளில்லை. ஜன்னலுக்கு உள்ளே எனக்கு வேறு வேலையில்லை, அதனால் நான் கம்பைத்தான் பார்த்தேன். கல்யாண முருங்கையில் கறுப்பு முள் இருக்கும், கையில் பிடித்தால் தெரிந்துவிடும். இதில் ஒரு முள்கூட இல்லை. வெளிறிப்போன பட்டை. பட்டை முழுக்க இலை உதிர்ந்த வடுக்கள், மூடிய கண்கள் மாதிரி. இது கல்யாண முருங்கை இல்லை என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. ஆனால் எப்படிச் சொல்வது? மங்கல நேரத்தில் உள்ளே ஒதுக்கி நிறுத்தப்பட்டவள் ஜன்னலிலிருந்து "நிறுத்துங்க" என்று கத்தினால் என்ன பேசுவார்கள் என்று உனக்குத் தெரியும். குழியில் பாலை ஊற்றினார்கள். கம்பை நட்டார்கள். குலவை போட்டார்கள். நான் அடுப்பை அணைத்துவிட்டு முகம் கழுவப் போனேன்.

அந்தக் கம்பு துளிர்த்தது. சாதாரணமாகத் துளிர்க்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் தேனிலவுக்கு லங்காவி போய்த் திரும்புவதற்குள் உச்சியில் பச்சை விட்டுவிட்டது. பெரிய அத்தைக்குத் தலைகால் புரியவில்லை, பார்க்கிறவர்களிடமெல்லாம் "எங்க பந்தக்கால் புடிச்சிடுச்சு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அது கிளை விடவில்லை. ஒற்றையாக மேலே மேலே போனது. உச்சியில் மட்டும் ஒரு ஆள் நீளத்துக்கு இலை, அந்த இலைக்குள் கிளை, கிளைக்குள் சின்ன இலை. இரண்டே வருடத்தில் கூரையைத் தாண்டிவிட்டது. என்ன மரம் என்று கேட்காத ஆளில்லை. தெரியும் என்று சொன்ன ஆளுமில்லை.

பிறகு இலை உதிர ஆரம்பித்தது. சின்ன இலைகள் காற்றில் போய்விடும். காம்புகள் மட்டும் மரத்தடியில் விழுந்து, வெயிலில் காய்ந்து, வெளுத்துக் கிடக்கும். திவ்யாவுக்கு முதல் குழந்தை தங்காமல் போனதே, அதற்கப்புறம் அவள் இங்கே சில நாள் வந்து இருந்தாள். ஒரு காலையில் சமையலறையில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தேன். அவள் ஜன்னலருகே நின்று வெளியே பார்த்தபடியே இருந்தாள்.

"அத்தை, இங்க யாரு எலும்ப கொண்டாந்து போட்டா?"

"எலும்பு இல்லம்மா, காம்பு. அந்த மரத்து எலைக்காம்பு லா."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய் ஒன்றை எடுத்தாள். ஒரு பக்கம் முட்டி மாதிரி தடித்திருந்தது. "கை எலும்பு மாதிரியே இருக்கு, அத்தை" என்றாள். லேசாகத்தான் வளைத்தாள், மூட்டில் பட்டென்று முறிந்தது. அந்தச் சத்தத்துக்கு அவள் முகம் போன போக்கைப் பார்த்தவள் நான். முறிந்த இரண்டு துண்டையும் அவள் எறியவில்லை. குனிந்து, எடுத்த இடத்திலேயே, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல மெல்ல வைத்துவிட்டு உள்ளே வந்தாள். அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. நான் எல்லாவற்றையும் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டேன். மறுநாள் காலையில் அதே இடத்தில் அதே அளவு குவியல் கிடந்தது. மரம் என்றால் உதிரத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் மற்ற இடமெல்லாம் சுத்தமாக இருக்க, ஜன்னலுக்கு நேர் கீழே மட்டும் ஏன் அப்படிக் குவிய வேண்டும்?

போன வருடம் பூத்தது. உச்சிக்கும் மேலே கம்பம் மாதிரி ஒரு தண்டு எழுந்து, அதில் உள்ளங்கை அகலத்துக்குப் பூக்கள். வெளியே பழைய ரத்தத்தின் நிறம், உள்ளே அழுக்கு மஞ்சள், தொட்டால் சதை மாதிரி இருக்கும். பகலில் மொட்டாக மூடிக்கொண்டு நிற்கும். பள்ளிவாசலில் மாலை பாங்கு சொல்லி முடிகிற நேரத்துக்கு ஒவ்வொன்றாகத் திறக்கும். திறந்தால் ஒரு நாற்றம், ஊறவைத்து மறந்துபோன துணியின் நாற்றம். உடனே பெரிய பெரிய வௌவால்கள் வரும். பூவின்மேல் முகத்தைப் புதைத்து ஒரு கணம் தொங்கிவிட்டுப் போகும். காலையில் நான் கதவைத் திறக்கும்போது மரத்தில் ஒரு பூ இருக்காது. எல்லாம் கீழே கிடக்கும், வாய் திறந்தபடி, மேலே பார்த்தபடி. பூத்த பூவைச் சாமிக்கு வைப்பவள் நான், செம்பருத்தி ஒன்று விட்டதில்லை. இந்தப் பூவை எடுத்துச் சாமியறைக்குக் கொண்டுபோக என் கை வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, தம்பி. உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். மாலையானால் அந்த ஜன்னலைச் சாத்திவிடுவேன். சாத்திய பிறகும், வெளியே யாரோ ஒருத்தி உள்ளே பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரியே இருக்கும். ஒரு காலத்தில் உள்ளே நின்று வெளியே பார்த்தவள் நான் என்பதால் அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

பூ காயானது. வாள் மாதிரி நீளமாக, தட்டையாக, காய்ந்து கறுத்துத் தொங்கும். காற்றடித்தால் ஒன்றோடொன்று மோதிக் கதவு தட்டுகிற சத்தம் வரும். இரண்டு தடவை எழுந்துபோய்க் கதவைத் திறந்தும் ஏமாந்திருக்கிறேன். தீபாவளிக்கு நீங்கள் வந்திருந்தபோது அந்தக் காய்கள் வெடித்தன. ஞாபகம் இருக்கிறதா? உள்ளேயிருந்து விதை ஒவ்வொன்றும் வெள்ளையாக, காகிதத்தைவிட மெல்லிய சிறகோடு, சுழன்று சுழன்று இறங்கின. திவ்யா கொடியில் சேலை உலர்த்திக்கொண்டிருந்தாள். "அத்தை, பட்டர்ஃபிளை மாதிரி இருக்கு!" என்று கையை நீட்டி ஒன்றைப் பிடித்தாள். முதல் குழந்தை போனதற்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவள் தலையில், தோளில், கொடியில் தொங்கிய சேலை மடிப்பில் எல்லாம் விதை. நீ உள்ளே போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

நான்தான் உன்னைக் கேட்டேன், இதற்குப் பேர் என்னவென்று கண்டுபிடித்துச் சொல்லடா என்று. பேர் தெரியாத ஒன்றோடு ஒரே வேலிக்குள் வாழ்வது எவ்வளவு சங்கடம் என்று உனக்குப் புரியாது. அடுத்த தடவை வந்தபோது நீ பூவைப் படம் பிடித்து ஏதோ ஆப்பில் போட்டாய். முதலில் ஒரு பேர் சொன்னது. இலையைக் காட்டினால் வேறு பேர். காயைக் காட்டியதும் சரியான பேரைச் சொல்லிவிட்டது. அதற்கு ஆங்கிலத்தில் நள்ளிரவுப் பயங்கரம் என்று பேராம். இன்னொரு பேர், உடைந்த எலும்பு மரம். நீ விழுந்து விழுந்து சிரித்து, அதைக் குடும்ப வாட்சப்பில் போட்டு, கீழே ஒரு மண்டையோட்டுப் படமும் போட்டாய். உடைந்த எலும்பு என்ற வார்த்தையைத் திவ்யா படித்தாள். அந்தக் காம்பை முறித்தவள் அவள். அப்போது அவள் வயிற்றில் மறுபடியும் ஒரு உயிர். அன்றைக்குச் சொன்னவள்தான், அந்த மரம் இருக்கிற வீட்டுக்கு வரமாட்டேன் என்று.

இங்கே உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். உன் அப்பா பெரிய படிப்புப் படித்தவர் இல்லை, பிறை ஊரில் ஃபேக்டரியில் ஷிஃப்ட் பார்த்தவர். நீ என் வயிற்றில் இருந்தபோது எனக்கு ஃபெர்ரி என்றால் பயம். ஜெட்டிப் பலகைக்கும் ஃபெர்ரிக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளியில் கறுப்பாகத் தண்ணீர் தெரியுமே, அதைத் தாண்டிக் கால் வைக்க மாட்டேன். அது என்னைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். அடுத்த கரையில் என் அம்மா வீடு. வேறு யாராக இருந்தாலும் கேலி செய்திருப்பார்கள். அவர் ஒரு நாளும் சிரிக்கவில்லை. "அப்படின்னா பாலத்து வழியா போவோம்" என்று பஸ் மாறி, பஸ் மாறி என்னைச் சுற்றிக் கூட்டிப்போவார். அரை நாள் போய்விடும். அவருக்கு லீவு கிடைப்பதே அபூர்வம். பயப்படுகிறவளிடம் பயப்படாதே என்று சொல்வது சுலபம், தம்பி. கூடவே சுற்றிப் போவதுதான் கஷ்டம். உன் அப்பாவின் மூக்கு உனக்கு அப்படியே வந்திருக்கிறது, இந்தக் குணமும் வந்திருக்கலாம்.

சரி, மரத்துக்கு வருகிறேன். நீ சொன்ன ஆங்கிலப் பேரை வைத்துக்கொண்டு நான் வெட்டுவதற்கு ஆளே தேட ஆரம்பித்துவிட்டேன். அந்த வாரம் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போனேன். உலாம், அதாவது சோற்றோடு பச்சையாகத் தின்கிற கீரை, விற்கிற மலாய்க்கார அம்மா ஒருவர் தரையில் விரித்திருந்த பிளாஸ்டிக் தாளில், பெத்தாய்க் காய்க்கும் வல்லாரைக்கும் நடுவே, நம் மரத்து வாள் படுத்திருந்தது. இளசு, பச்சையாக இருந்தது. இது என்ன என்று கேட்டேன். "பெக்கா லா, அக்கா. செடாப்!" என்று சிரித்தார், பேர் பெக்காவாம், ருசியாக இருக்குமாம். நெருப்பில் வாட்டி, தோலைச் சுரண்டி, சம்பாலில் தொட்டுச் சாப்பிட வேண்டுமாம். அவர் வீட்டிலும் ஒரு மரம் இருக்கிறதாம், காய்க்காத வருடம் பிள்ளைகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்களாம். நானும் ஒன்றை வாங்கிவந்து அடுப்பில் சுட்டேன். நன்றாகக் கசந்தது. பாகற்காய் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு அது பெரிய விஷயமில்லை. முழுசும் சாப்பிட்டேன். இத்தனை நாள் என்னைப் பயமுறுத்திய ஒன்றைச் சோற்றோடு சாப்பிட்டுவிட்டேன் என்று நினைக்க எனக்கே சிரிப்பு வந்தது. அன்று மாலை ஜன்னலைச் சாத்தவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கல்யாண முருங்கை கொண்டுவரப் போனவன் பெக்காக் கம்போடு ஏன் வந்தான் என்று ஒரு கேள்வி மிச்சமிருந்தது. உன் மாமாவுக்குப் போன் போட்டேன்.

"டேய், அந்தக் கம்ப எங்கடா வெட்டுன?"

"இப்ப எதுக்குக்கா அது?"

"கேக்குறேன்ல, சொல்லு."

"வெட்டல அக்கா. எடுத்தேன்."

அவன் பார்த்துவைத்திருந்த கல்யாண முருங்கை மரத்தைப் புது வீடுகள் கட்டுவதற்காகத் தள்ளிவிட்டார்களாம். நேரம் போய்க்கொண்டிருந்தது. எஸ்டேட்டுச் சாலை முடிகிற இடத்தில், செம்பனைத் தோட்டத்துக்குள்ளே, ஒரு சின்னச் சாமி மேடை இருக்கிறது. பழைய சாமி படம், காய்ந்த மாலை, உடைந்த விளக்கு எல்லாவற்றையும் ஆட்கள் கொண்டுவந்து அங்கேதான் விட்டுவிட்டுப் போவார்கள். அந்த மேடையில் ஒரு கம்பு சாத்தியிருந்ததாம்.

"மஞ்சள் பூசியிருந்துச்சுக்கா. மாவெல எல்லாம் காஞ்சு போயி. மஞ்ச நூலு சுத்தி மூணு முடிச்சு. நகத்தால சுரண்டிப் பாத்தேன், உள்ள பச்சையா இருந்துச்சு. சரி, சாமி குடுத்ததுன்னு எடுத்துட்டேன்."

"அந்த முடிச்ச அவுத்தியா?"

"அவுக்க வரலக்கா. நேரம் வேற இல்ல. அதுமேலயே நம்ம துணியக் கட்டிட்டேன்."

போனை வைத்துவிட்டு வெளியே போனேன். இன்னும் வெயில் இருந்தது. மரத்தை ஒட்டி நான் அப்படி நின்றதே இல்லை. என் இடுப்பு உயரத்தில், பட்டையைச் சுற்றி ஒரு பள்ளம். நூல் இறுக்கிய இடத்தில் மரம் இரண்டு பக்கமும் தடித்து வளர்ந்து அதை உள்ளே விழுங்கியிருந்தது. விரலை விட்டுத் தடவினேன். மூன்று இடத்தில் புடைத்திருந்தது. அந்த முடிச்சு இன்னும் உள்ளே இருக்கிறது, தம்பி.

அது யாருடைய பந்தக்கால்? கல்யாணம் நல்லபடியாக முடிந்து, பிறகு மரியாதையாகக் கொண்டுவந்து சாமி காலடியில் விட்டதா? அல்லது நட்ட பிறகு கல்யாணமே நின்றுபோய், வீட்டில் வைத்துக்கொள்ளப் பிடிக்காமல் பிடுங்கிக் கொண்டுவந்து போட்டதா? முடிச்சை மட்டும் ஏன் அவிழ்க்காமல் விட்டார்கள்? யாருக்குத் தெரியும்? உன் மாமாவுக்கு அந்தப் பக்கத்து ஆட்களைத் தெரியும், கேட்டுப் பார்க்கிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். யாரோ ஒரு பெண்ணுக்காக நட்ட மரம், அவள் வருவாள் என்று மாலையானால் பூவைத் திறந்துவைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறது, காலையில் எல்லாவற்றையும் கீழே போட்டுவிடுகிறது. இதை எழுதும்போது பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. மாலையில் அந்த வாடை வரும்போது அப்படித் தெரிவதில்லை. காய் ருசிக்கிறது என்பதும் உண்மை, எனக்கு முதுகு சில்லிடுகிறது என்பதும் உண்மை. என்னால் ஒன்றை வைத்து இன்னொன்றை இல்லையென்று ஆக்க முடியவில்லை.

இதை உன்னிடம் சொல்லாமலே ஆளை விட்டு வெட்டிவிட்டு, திவ்யாவை அழைத்துக்கொள்ளலாம் என்று நேற்றுக் காலைவரை நினைத்திருந்தேன். வெட்டுகிற ஆளும் நாளை மறுநாள் வருகிறேன் என்றிருந்தார். மத்தியானம் திவ்யாவிடமிருந்து வாட்சப்பில் ஒரு படம் வந்தது. உங்கள் வீட்டு பால்கனி. அவள் கறிவேப்பிலை வைத்திருக்கிற தொட்டி. கறிவேப்பிலைக்குப் பக்கத்தில், அதைவிட உயரமாக, இன்னொரு செடி. கூடவே குரலும் அனுப்பியிருந்தாள். "அத்தை, இது என்ன செடின்னு தெரியல. தானா மொளச்சிருக்கு. நான்தான் டெய்லி தண்ணி ஊத்துறேன். எவ்ளோ வேகமா வளருது பாருங்களேன்! பாப்பா வர்ற நேரத்துல நல்ல சகுனம்தானே, அத்தை? இதுக்கிட்ட உக்காந்தாதான் எனக்கு மனசு நிம்மதியா இருக்கு."

நான் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். மரத்தடியில் முளைக்கிறதை வாரம் தவறாமல் பிடுங்குகிறவள் நான். அவள் சேலை மடிப்பில் ஒளிந்து, கடலைத் தாண்டி, பத்து மாடி ஏறி வந்திருக்கிறது. எதைப் பார்க்கமாட்டேன் என்று இந்த வீட்டுப் பக்கம் வர மறுக்கிறாளோ, அதைத்தான் தன் கட்டிலுக்கு நாலடி தூரத்தில் வைத்துப் பாசமாக வளர்க்கிறாள். அவளுக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது, பால்கனிக்கு நீ துணி காயப்போடக்கூடப் போகிற ஆள் இல்லை.

படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். செடி சாயாமல் இருக்க ஒரு குச்சி நட்டு, குச்சியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறாள். பூஜைக்கு வைத்திருக்கிற மஞ்சள் நூல். மூன்று முடிச்சு. உன் மாமா சொன்ன கதையை நான் ஒரு ஜீவனிடமும் சொல்லவில்லை, தம்பி. அவள் கைக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தது?

"நல்ல செடிதாம்மா" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம் என்று முதலில் தோன்றியது. அவள் நிம்மதியாக இருக்கிறாள், ஏன் கெடுக்க வேண்டும்? அல்லது உனக்கு ரகசியமாகப் போன் போட்டு, அவள் தூங்கும்போது பிடுங்கி எறிந்துவிடு என்று சொல்லலாம். விரல் இரண்டு தடவை உன் பேருக்குப் போனது. அப்புறம் பார்த்தால், நான் நின்றுகொண்டிருந்தது அதே சமையலறை ஜன்னல். அன்றைக்கும் இதே இடத்தில்தான் நின்றேன். முள் இல்லை என்று கண்ணால் பார்த்தும், நல்ல நேரம் கெட்டுவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். வெளியே நின்றவர்கள் என்னைக் கேட்காமல் எல்லாவற்றையும் எனக்காக முடிவு செய்தார்கள். இப்போது நான் சுமங்கலிகள் கூட்டத்தில் நின்றுகொண்டு, திவ்யாவை உள்ளே ஒதுக்கி நிறுத்தப் பார்க்கிறேன். அவள் குழந்தை, அவள் பயம், அவள் வளர்த்த செடி. அவளுக்குத் தெரியாமல் நாம் இரண்டு பேரும் எதை வெட்டினாலும் அது தப்பு.

அதனால் மரம் வெட்டுகிற ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை. நாளைக்குக் காலையில் நானே கொண்டுவருகிறேன். பாலத்து வழியாகக் காரில் வந்து கூட்டிப்போ என்று உன்னிடம் சொல்ல மாட்டேன், ஃபெர்ரியில் வருகிறேன். ஆமாம், ஃபெர்ரியில்தான். அந்தக் கறுப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே தாண்டிக் கால் வைப்பேன், உன் அப்பா இல்லாவிட்டாலும். திவ்யாவை உட்காரவைத்து, நீ பக்கத்தில் உட்கார்ந்து, இதை முதல் வரியிலிருந்து சத்தமாகப் படி. உன் வாட்சப்பைப் பற்றி எழுதிய இடத்தைத் தாண்டிப் போகாதே. அவள் அழுதால் நிறுத்து, பிறகு மறுபடி படி. பெக்காவுடைய கசப்பையும் சொல், முடிச்சையும் சொல், எதையும் மறைக்காதே. அவள் இரண்டு மரத்தையும் வெட்டு என்றால், என் கையாலேயே முதல் வெட்டு போடுகிறேன். பெரிய அத்தைக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். இரண்டும் இருக்கட்டும் என்றால், இருக்கட்டும். அவள் வாயிலிருந்து வர வேண்டும்.

அதுவரைக்கும் அந்த நூலை நீ அவிழ்க்காதே. அதன்மேல் வேறு எதையும் கட்டவும் கட்டாதே. படித்து முடித்ததும் திவ்யாவை பால்கனிக்குக் கூட்டிவா. நீ படிக்கிற நேரம் முழுக்க நான் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பேன். அவள் வந்து என் பக்கத்தில் நின்ற பிறகு, மூன்று பேரும் சேர்ந்து அதைப் பார்ப்போம்.

அம்மா